மருந்தும் கூடவே ரயிலேற வேண்டும்

"டேக்கேதாருக்குச் சொல்லிடுவீங்களா, தீதி?"

சளி டப்பாவைக் கையில் கொடுத்ததும் வடமாநிலத்துப் பையன்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி இதுதான். என்ன நோய், எத்தனை மாதம் மருந்து, பிழைப்பேனா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. தீதி என்றால் அக்கா; ஆள் பிடித்துக் கூட்டிவந்த காண்ட்ராக்டரை அவர்கள் டேக்கேதார் என்பார்கள். அவர் காதுக்கு விஷயம் போனால் அன்று ராத்திரியே காட்பாடியிலோ ஜோலார்பேட்டையிலோ ரயிலேற்றி விட்டுவிடுவார் என்று பயம். வீண் பயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அப்படி ஏற்றிவிடப்பட்டவர்களை எனக்குத் தெரியும். "யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் டப்பாவின் மூடியைத் திறந்து காட்டுவேன்.

நான் ஆலங்காயத்துக்காரி. தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் முதுநிலை சிகிச்சை மேற்பார்வையாளர் என்பது பதவியின் பெயர். ஊரில் "டி.பி. மேடம்" என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். மேலே காவலூரில் நட்சத்திரம் பார்க்கும் வைணு பாப்பு வானாய்வகம். கீழே வாணியம்பாடியிலிருந்து ஆம்பூர் வரை பாலாற்றை ஒட்டித் தோல் ஷாப்புகளும் ஷூ கம்பெனிகளும். விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்து எங்கள் தெருப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். என் அப்பா வாணியம்பாடியில் ஒரு ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்றவர். அந்தக் காலத்தில் குழியில் இறங்கியவர்கள் எல்லாம் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களே. இப்போது அந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் கிடைப்பது அரிது. பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம் என்று பல ஊர்ப் பையன்கள் டிரம்மில் தோலை ஏற்றி இறக்குகிறார்கள், பஃபிங் மிஷினில் நிற்கிறார்கள், ஸ்ப்ரே அடிக்கிறார்கள். வளையாம்பட்டு, உதயேந்திரம், மின்னூர், துத்திப்பட்டு என்று ஷாப்பைச் சுற்றியுள்ள ஊர்களில் வாடகை அறைகளில் தங்குகிறார்கள்.

தோல் ஷாப்பில் இருமல் யாரையும் திரும்பிப் பார்க்க வைக்காது. பதனிட்ட தோலை உப்புத்தாள் உருளையில் கொடுத்துத் தேய்ப்பதுதான் பஃபிங். அதில் பறக்கும் தூள் மூக்கிலும் தொண்டையிலும் அப்பிக்கொள்ளும். "தூசு இருமல்தான் தீதி, வெல்லம் தின்னா போயிடும்" என்பார்கள். தூசு டி.பி.யைக் கொண்டுவராது. டி.பி. ஒரு கிருமியால் வருவது. 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் காக் அதை அறிவித்த நாளைத்தான் இன்று உலகக் காசநோய் நாளாக வைத்திருக்கிறோம். ஆனால் தூசு நல்ல சாக்கு. தூசு இருமல் என்று சொல்லியே இரண்டு மாதம் ஓடிவிடும். அதற்குள் சட்டை தொளதொளவென்று ஆகியிருக்கும். சாயங்காலம் ஆனால் உடம்பு சுடும். ராத்திரி வேர்வையில் பாய் நனையும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவு வேர்வை. இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் பார்த்துவிட வேண்டும். சளியில் ரத்தம் தெரிந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

இந்த நோய் எங்கிருந்து வந்தது என்று கேட்காத ஆள் இல்லை. "அவங்க கொண்டாந்துட்டாங்க" என்று வீட்டுக்காரர்கள் என்னிடமே சொல்வார்கள். கிருமி காற்றில் பரவுகிறது. நுரையீரலில் நோய் உள்ளவர் இருமும்போது வெளியே வந்து, மூடிய அறையில் நெடுநேரம் மிதக்கிறது. அதை உள்ளிழுத்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பெரும்பாலோரின் உடம்பு அதை அடக்கி வைத்துவிடும். நூறு பேரில் ஐந்திலிருந்து பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் என்றைக்காவது அது விழித்துக்கொள்ளும். விழிக்க வைப்பதில் முதலிடம் நம் நாட்டில் அரைவயிற்றுச் சாப்பாட்டுக்கு. அடுத்து சர்க்கரை நோய், எச்.ஐ.வி., பீடி, சாராயம். இந்தப் பையன்களில் சிலர் சிறுவயதில் ஊரில் வாங்கிய கிருமியை மார்பில் சுமந்துகொண்டு வந்திருப்பார்கள். இங்கே ஓவர்டைம், தூக்கமின்மை, பட்டினி எல்லாம் சேர்ந்து அதை எழுப்பியிருக்கும். வேறு சிலருக்கு இங்கேயே, பக்கத்துப் பாயில் படுத்தவரிடமிருந்து தொற்றியிருக்கும். எது எப்படி என்று பிரித்துச் சொல்ல எங்களிடம் சோதனை இல்லை. பிரித்தாலும் கொடுக்கப் போவது அதே மாத்திரைதான்.

அந்த அறைகளை ஒரு தரம் பார்த்துவிட்டால் நோயின் கதை பாதி புரிந்துவிடும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் எட்டுப் பேர். பகல் ஷிப்ட் போனவர்களின் பாயில் இரவு ஷிப்ட் வந்தவர்கள் படுப்பார்கள், அதனால் பாய் காலியாக இருப்பதே இல்லை. ஒரே ஜன்னல், அதுவும் சாத்தித்தான் இருக்கும். கொசு ஒரு காரணம். ஷாப்புக் கழிவு ஓடும் கால்வாயின் நாற்றம் இன்னொரு காரணம். அந்த நாற்றத்தில் ஜன்னலைத் திறந்து வை என்று சொல்ல எனக்கே வாய் வராது. ஆனாலும் சொல்கிறேன். சிகிச்சை இல்லாத ஒரு நோயாளி வருஷத்துக்குப் பத்திலிருந்து பதினைந்து பேருக்குக் கிருமியைக் கொடுக்க முடியும் என்பது உலகெங்கும் ஒப்புக்கொண்ட கணக்கு. எட்டுப் பேர் மாறி மாறிப் படுக்கும் அறைக்கு அந்தக் கணக்கு கொஞ்சம்தான்.

பரிசோதனைக்கு எங்கள் வட்டாரத்தில் ஒரு பெரிய உதவி உண்டு. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் ஏராளமான முஸ்லிம் வீடுகளில் உருது பேசுவார்கள். அந்தத் தெருக்களிலிருந்து தன்னார்வலராக வரும் பாஜிமார்களை, அதாவது அக்காமார்களை, கூட்டிக்கொண்டுதான் அறைகளுக்குப் போகிறேன். "கித்னே தின் ஸே காம்ஸீ ஹை, பேட்டா?" (எத்தனை நாளாக இருமல், மகனே?) என்று ஒரு பாஜி கேட்டதும் அந்தப் பையனின் முகம் இளகுவதைப் பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் யாரும் தன்னை "மகனே" என்று கூப்பிட்டிராத பிள்ளை அவன். நான் தமிழில் எழுதிவைத்து ஒப்பிக்கிற இந்தி அந்த வேலையைச் செய்யாது. வங்காளமும் இந்தியும் வேலூர்ப் பக்கத்துக்குப் புதிதல்ல. சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜ், மெஸ் பலகைகளைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். அங்கே வைத்தியத்துக்கு வருகிறவரை வாடிக்கையாளராக வரவேற்கிறோம். தோல் ஷாப்புக்கு வேலைக்கு வருகிறவர் இருமினால் மட்டும் ஒதுங்கி நிற்கிறோம்.

சளி எடுப்பதைச் சொல்லிக்கொடுப்பது தனிப் பாடம். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் கிருமி அகப்படாது. திறந்த வெளியில் நின்று, மூச்சை ஆழ இழுத்து அடக்கி, இரண்டு மூன்று தரம் அப்படிச் செய்தபின் அடிமார்பிலிருந்து இருமிக் கொண்டுவர வேண்டும். அங்கேயே ஒன்று, மறுநாள் காலையில் பல் துலக்குவதற்கு முன் இன்னொன்று. அது ட்ரூநாட் கருவிக்குப் போகும். நம் நாட்டிலேயே உருவான கருவி, பேட்டரியிலும் ஓடும். கிருமி இருக்கிறதா என்று மட்டுமின்றி, முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் அதற்கு வேலை செய்யுமா என்பதையும் ஓரிரு மணி நேரத்தில் சொல்லிவிடும். முன்பு நுண்ணோக்கியின் கீழ் கண்ணைக் கசக்கிக்கொண்டு தேடியதற்கும் இதற்கும் ரொம்ப தூரம்.

இருமலைக் கேட்டு மட்டும் தேடினால் போதாது என்பதும் இப்போது தெளிவு. 2019 முதல் 2021 வரை நாடு முழுக்க நடந்த காசநோய்க் கணக்கெடுப்பைச் சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்தான் முன்நின்று நடத்தியது. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் லட்சத்துக்கு 316 பேருக்கு நுரையீரல் காசநோய். கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 42.6 சதவீதம் பேர், மார்பு எக்ஸ்ரே எடுத்திராவிட்டால் தப்பிப் போயிருப்பார்கள். அறிகுறி இருந்தவர்களிலும் சுமார் 64 சதவீதம் பேர் எந்த வைத்தியரிடமும் போகவில்லை. அதனால்தான் இப்போது கையில் தூக்கிச் செல்லும் எக்ஸ்ரே கருவியோடு ஷாப்பு வாசலுக்கே போகிறோம். 2024 டிசம்பர் 7 அன்று 347 மாவட்டங்களில் தொடங்கிய நூறு நாள் இயக்கத்தில் புலம்பெயர் தொழிலாளர்களும் தேடிப்போய்ப் பார்க்க வேண்டியவர்கள் பட்டியலில் இருந்தார்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில் வாசலில் மேசை போட்டால் கூட்டம் சேரும். கம்பெனிக்குள்ளே, மேலாளர் பார்க்கும்படி போட்டால் ஒருவரும் வர மாட்டார்கள்.

ஒரு கம்பெனியின் பணியாளர் அதிகாரி என்னிடம் கேட்டார்: "வேலைக்குச் சேர்க்கும்போதே எக்ஸ்ரே எடுத்து, நோய் இருக்கிறவனை எடுக்காம விட்டா பிரச்சினையே இல்லையே, மேடம்?" கேட்பதற்கு நியாயமாகத்தான் தெரியும். ஆனால் உறங்குகிற கிருமி எக்ஸ்ரேயில் தெரியாது. சேர்ந்த நாளில் சுத்தமாக இருந்த நெஞ்சு எட்டாம் மாதத்தில் கெடலாம். அதைவிடப் பெரிய விஷயம், தட்டிக் கழிக்கப்பட்ட பையன் ஊருக்குத் திரும்ப மாட்டான். கேள்வி கேட்காத இன்னொரு காண்ட்ராக்டரிடம் போவான், அதைவிட நெரிசலான அறையில் படுப்பான், இருமலை அடக்கப் பழகிக்கொள்வான். நோயைக் கண்டுபிடிப்பதற்கான சோதனை, ஆளைக் கழித்துக் கட்டுவதற்கான சோதனையாக மாறிவிட்டால் அதன்பின் ஒருவரும் டப்பாவை வாங்க மாட்டார்கள்.

பஃபிங்கில் நின்ற ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். ஜார்க்கண்டில் பலாமு பக்கம். இருபதைத் தாண்டிய வயது, நல்ல உயரம், எடை 41 கிலோ. சளியில் கிருமி இருந்தது, மருந்துக்குக் கட்டுப்படுகிற கிருமி. நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு நாள் வேலைக்குப் போகாததில் காண்ட்ராக்டருக்குத் தானாகவே தெரிந்துவிட்டது. டிக்கெட்டோடு வந்து நின்றார். "ஊருக்குப் போய் வைத்தியம் பாத்துக்கட்டும், மேடம். அங்க அம்மா இருக்கு, ஆக்கிப் போடும்." அவர் கெட்டவர் இல்லை, டிக்கெட்டுக்குத் தன் பணத்தைத்தான் போட்டிருந்தார். முன்பதிவில்லாப் பெட்டியில் இரண்டு ராத்திரி. நெருக்கியடித்து உட்கார்ந்த கூட்டத்தின் நடுவே, மருந்து தொடங்காத நோயாளி. போய்ச் சேர்ந்ததும் ஆஸ்பத்திரியைத் தேட வேண்டும், மறுபடி சளி கொடுக்க வேண்டும். இவன் அனுப்பும் பணத்தில் எரிந்த அடுப்பு வேறு அங்கே அணைந்திருக்கும். இதையெல்லாம் அவருக்கு எடுத்துச் சொன்னேன். பிறகு, சென்னையில் நடந்த ஒரு பழைய ஆய்வைப் பற்றியும் சொன்னேன். அதை எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

1950கள் வரை டி.பி. என்றால் சானடோரியம்தான். தாம்பரத்தில் டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928இல் தொடங்கியது இன்றும் ரயில் நிலையத்தின் பெயராக நிற்கிறது. நல்ல காற்று, முழு ஓய்வு, பாலும் முட்டையும், குடும்பத்தை விட்டுத் தனிமை. லட்சக்கணக்கான நோயாளிகள் இருந்த நாட்டில் படுக்கைகளோ சில ஆயிரம். 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் சென்னை அரசும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து சென்னையில் ஒரு மையம் தொடங்கின. ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் ஒரு பாதியைச் சானடோரியத்துக்கும் மறுபாதியை அவரவர் வீட்டுக்கும் அனுப்பினார்கள். இரண்டு பக்கமும் ஒரே மருந்து, ஒரு வருஷம். வீட்டிலிருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைவு, நெரிசல் அதிகம், ஓய்வும் கிடைக்கவில்லை. அப்படியும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். வீட்டில் நோயாளியோடு இருந்த குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் வரவும் இல்லை. ஒழுங்காக மருந்து சாப்பிடத் தொடங்கினால் தொற்றும் தன்மை வேகமாக அடங்கிவிடுகிறது. முடிவுகள் 1959இல் வெளியாகின. அதன்பின் உலகமே சானடோரியங்களை மூடத் தொடங்கியது. அந்தச் சிறு மையம்தான் இன்றைய சேத்துப்பட்டு ஆராய்ச்சி நிறுவனம்.

சென்னைக் குடிசைவாசிக்கு அன்று கிடைத்த நீதி ஆம்பூர் வாடகை அறையில் கிடக்கிற பையனுக்கும் கிடைக்க வேண்டும். ஆள் எங்கே இருக்கிறானோ அங்கேயே வைத்தியம். காண்ட்ராக்டர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். டிக்கெட்டை ரத்து செய்தார்.

2022 முதல் தமிழ்நாட்டில் "காசநோய் இறப்பில்லாத் திட்டம்" நடக்கிறது. நோய் உறுதியான அன்றே எடை, உயரம், கால் வீக்கம், மூச்சின் வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், தானாக எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்துவிடுவோம். லேப் எதுவும் தேவையில்லை. உடல் நிறை குறியீட்டெண் 14க்குக் கீழ் என்றால், அல்லது 16க்குள் இருந்து இரு காலும் வீங்கியிருந்தால், ஆக்சிஜன் 94க்குக் குறைந்தால், மூச்சு நிமிடத்துக்கு 24ஐத் தாண்டினால், பிடிமானமின்றி நிற்க முடியாவிட்டால், உடனே ஆஸ்பத்திரிப் படுக்கை. டி.பி.யில் இறப்பவர்கள் பலரும் மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில்தான் இறக்கிறார்கள். அவர்களை முதல் நாளே அடையாளம் கண்டுகொள்ளும் ஏற்பாடு இது. இந்தப் பையனுக்குக் குறியீட்டெண் 15. கால் வீக்கம் இல்லை, ஆக்சிஜன் சரியாக இருந்தது. அறையிலேயே தொடங்கினோம்.

அவன் எடைக்கு நாளொன்றுக்கு மூன்று மாத்திரை. ஒவ்வொன்றிலும் நான்கு மருந்து கலந்திருக்கும். இரண்டு மாதம் அது, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து கலந்தது. முதல் நாளே நான் சொல்லிவிடுவது, சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும் என்பதை. சொல்லாமல் விட்டால் ரத்தம் என்று பயந்து மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். வாந்தி வரலாம். கண் மஞ்சளானால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வர வேண்டும். வீட்டுக்காரம்மா, "தட்டு டம்ளரெல்லாம் தனியா வெச்சுக்கச் சொல்லும்மா" என்றார். தட்டிலும் துணியிலும் இது பரவாது என்று விளக்கி, வாய்க்குத் துணி கட்டச் சொல்லி, அவன் பாயை ஜன்னலோரம் மாற்றினோம். சுமார் இரண்டு வாரத்தில் தொற்றும் பயம் பெரும்பாலும் அடங்கிவிடும். தேறியபின் கம்பெனி அவனைப் பஃபிங்கிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றியது. அந்த மேலாளரை நான் மறக்க மாட்டேன்.

மூன்றாம் வாரத்திலேயே இருமல் குறைந்து, பசி எடுக்கத் தொடங்கும். அங்கேதான் உண்மையான சிக்கல். பசிக்கிறது, சாப்பிட ஒன்றும் இல்லை. வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது, அறைச் சமையலில் தன் பங்குப் பணத்தைப் போட முடியாதவன் தானே கையைச் சுருக்கிக்கொள்வான். இதே ஜார்க்கண்டில் நடந்த "ரேஷன்ஸ்" ஆய்வின் முடிவு 2023 ஆகஸ்டில் வெளியானது. டாக்டர் அனுராக் பார்கவாவும் டாக்டர் மாதவி பார்கவாவும் முன்நின்றார்கள், நம் சேத்துப்பட்டு நிறுவனமும் பங்கெடுத்தது. 2,800 நோயாளிகள், அவர்கள் வீடுகளில் வாழ்ந்த 10,345 பேர். நோயாளிகளுக்கு அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய் எல்லாம் சேர்த்து மாதம் பத்துக் கிலோ. பாதி வீடுகளில் குடும்பத்தாருக்கும் அரிசி பருப்பு. அப்படிக் கொடுத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. தொற்றக்கூடிய நுரையீரல் காசநோய் ஏறக்குறையப் பாதியாகவே குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் ஐந்து சதவீதம் எடை கூடிய நோயாளிகளுக்கு இறக்கும் ஆபத்து 61 சதவீதம் குறைவு. 1959 ஆய்வு, மருந்து இருந்தால் ஏழைச் சாப்பாட்டிலும் குணமாகலாம் என்றது. 2023 ஆய்வு, சாப்பாடு இருந்தால் சாவையும் அடுத்தவருக்கு வருவதையும் தடுக்கலாம் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அரசு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிறது. 2018இல் 500ஆக ஆரம்பித்து 2024 நவம்பரில் இரட்டிப்பானது. ஆனால் பையனின் வங்கிக் கணக்கு ஊரில், அதோடு இணைத்த செல்போன் எண் எப்போதோ கைமாறியது, ஆதார் இணைப்பு அறுந்தது. அஞ்சலகக் கணக்கு ஒன்றைப் புதிதாகத் திறந்து கொடுப்பதும் என் வேலையில் சேர்ந்துவிட்டது. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. ஊர் ரேஷன் அட்டையின் எண்ணைச் சொல்லி இங்கேயே அரிசியோ கோதுமையோ வாங்கலாம். வாங்கலாம் என்பதை அவர்களுக்குச் சொல்ல ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

இ.எஸ்.ஐ. விஷயத்தில் எனக்குத் தீராத ஆதங்கம் உண்டு. 1948இல் அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் காசநோயை நன்றாக அறிந்தவர்கள். வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே வைத்தியம். நோய்க்காகப் பணம் பெறும் காலத்தில் ஆளை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று 73ஆம் பிரிவிலேயே எழுதினார்கள். நீண்டகால நோய்களின் பட்டியலில் காசநோய் இருக்கிறது. அதற்குச் சம்பளத்தில் 80 சதவீதம், இரண்டு வருஷம் வரைக்கும் உண்டு. எவ்வளவு பெரிய ஏற்பாடு! ஆனால் அதைப் பெற, தொடர்ந்து இரண்டு வருஷம் வேலையில் இருந்து 156 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். சாதாரண நோய்க்கால உதவியான 70 சதவீதத்துக்கே ஆறு மாதக் கணக்கில் 78 நாள் வேண்டும். சீசனுக்கு வந்து, காண்ட்ராக்டர் மாறி, ஹோலிக்கும் சட் பூஜைக்கும் ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்கு இந்தக் கணக்கு எப்போது சேரும்? பழைய எண் இருப்பது தெரியாமல் புதிய எண் போடுவதும் நடக்கிறது, கட்டிய நாளெல்லாம் அதில் கரைந்துவிடுகிறது. காசநோய்க்கு மட்டுமாவது இந்தக் காத்திருப்பை எடுத்துவிட வேண்டும். ஆறு மாதச் சம்பளத்தில் முக்கால்வாசி கிடைக்கும் என்று தெரிந்தால் யாரும் இருமலை மறைக்க மாட்டார்கள்.

ஊருக்குப் போக வேண்டிய வேளையும் வரும். தங்கை கல்யாணம், நடவு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. போகாதே என்று தடுப்பது என் வேலை இல்லை. மருந்து கூடவே போகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. ஒவ்வொரு நோயாளிக்கும் நிக்சய் என்ற தேசியப் பதிவில் ஓர் எண் உண்டு. சென்னையில் பதிந்தாலும் தன்பாத்தில் திறந்து பார்க்கலாம். போகிற ஊர் ஆஸ்பத்திரிக்கு அந்த எண்ணை மாற்றிவிட்டு, பயணத்துக்கும் போய்ச் சேர்ந்த முதல் சில வாரத்துக்கும் மாத்திரையை எண்ணிக் கையில் கொடுப்போம். ஆனால் கம்ப்யூட்டரில் மாற்றினால் மட்டும் போதாது என்பது அனுபவம். அந்த ஊரில் என்னைப் போலவே ஒருவர் பைக்கில் சுற்றிக்கொண்டிருப்பார். போனில் கூப்பிட்டு, பாஜியை விட்டுப் பேசச் சொல்லி, "இன்ன ரயிலில் வருகிறான், இன்ன தேதியில் மாத்திரை தீரும்" என்று சொல்லிவிட்டால் அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்துவிடுவார். பலாமுக்காரர் ஒருவர் பையன் மாத்திரை போடுவதை வீடியோ எடுத்து அனுப்பினார். மொழி தெரியாத அந்த மனிதருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். 2020 ஊரடங்கில் இப்படி ஒரு பாலம் போடக்கூட நேரம் கிடைக்கவில்லை. நாடு முழுக்கப் பதிவான காசநோயாளிகள் 24 லட்சத்திலிருந்து 18 லட்சமாகக் குறைந்தார்கள். நோய் குறையவில்லை, கண்ணில் படாமல் போனது.

எங்கள் ஆட்களும் இதேபோல வெளியே போகிறவர்கள்தான். ஜவ்வாது மலைக் கிராமங்களிலிருந்து குடும்பத்தோடு கர்நாடகக் காப்பித் தோட்டத்துக்கும் கேரளாவுக்கும் போகிறார்கள். குடகில் கண்டுபிடித்து எனக்கு மாற்றிவிடப்படும் நோயாளி, பஸ் போகாத மலையூரில் இருப்பார். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் வளைகுடாவுக்குப் போக மெடிக்கல் எடுக்காத தெரு கிடையாது. என் சித்தப்பா மகனுக்குப் பழைய டி.பி. ஆறிய தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்ததற்கே "அன்ஃபிட்" முத்திரை குத்தினார்கள். நோய் இல்லை, சளியில் ஒன்றும் இல்லை, வாங்கிய கடன் மட்டும் மிச்சம். மலேசியாவில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குக் கட்டாய எக்ஸ்ரே, நோய் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பிரிட்டனுக்கு ஆறு மாதத்துக்கு மேல் போக, இங்கேயே எக்ஸ்ரே எடுத்துச் சான்று வாங்க வேண்டும். நோய் இருந்தால் வைத்தியத்தை முடித்துவிட்டுப் போகலாம் என்பது அதில் ஆறுதல். நாடுகளுக்கு நடுவே இப்படிக் கதவு போட்டுக்கொள்கிறார்கள். ஒரே நாட்டுக்குள் ஜார்க்கண்டுக்கும் ஆம்பூருக்கும் நடுவே அந்தக் கதவை யாரும் போட்டுவிடக் கூடாது.

இப்போது எங்கள் கவனம் அறைத் தோழர்கள்மேல். நோயாளியோடு வீட்டில் இருப்பவர்களைச் சோதித்து, நோய் இல்லை என்று உறுதியானால் தடுப்பு மருந்து கொடுக்கலாம். வாரம் ஒரு தரம், பன்னிரண்டு வாரம். திட்டத்தில் "குடும்பத்தார்" என்று இருக்கும். எனக்கு அந்த எட்டுப் பேரும் ஒரு குடும்பம்தான், அப்படியே பதிகிறேன். இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களில் அறை வாடகைக்கு விடுகிறவர்கள், ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்கள், மெஸ் நடத்துகிறவர்கள் இருப்பீர்கள். இரண்டு வாரமாக இருமுகிற பையனைப் பார்த்தால், அவனைத் தனியாகக் கூப்பிட்டு, யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று சொல்லி, பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். சோதனை, மருந்து எதற்கும் காசில்லை, எந்த மாநில ஆதாராக இருந்தாலும் சரி. நிக்சய் உதவி எண் 1800-11-6666. தமிழிலும் இந்தியிலும் வேறு பல மொழிகளிலும் அதில் பேசலாம்.